சாமி வராத ஆள்

என் மேல் மாரியம்மன் இறங்கினாள் என்று மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய மேரு வட்டாரத்தில் இன்றைக்கும் அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள், கையில் இரண்டு செல்பேசி வைத்திருப்பவர்கள். அவர்களிடம் போய், அன்றைக்கு வந்தது அம்மன் இல்லை, மாரடைப்பு என்று சொன்னால், "அதுவும் ஆத்தா விளையாட்டுதான் அண்ணே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

என் பெயர் பக்கிரிசாமி. ஒரு லோரி கம்பெனியில் லோரிகளை அனுப்பி வைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டயர் வெடித்தது என்று போன் செய்கிறவன் எந்தக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கிறான் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். அந்த வேலையில் ஆயுளைக் கழித்தவனுக்கு மனித குலத்தின் மேல் மரியாதை மிஞ்சாது. கோயிலுக்கு என் மனைவி குமுதாதான் போவாள். நான் அவளை இறக்கிவிட்டு, காரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பேன்.

எங்கள் கோயில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துக் கோயில். தோட்டம் போய்விட்டது. இப்போது ஒரு பக்கம் கையுறைத் தொழிற்சாலை, மறு பக்கம் கன்டெய்னர் அடுக்கிவைக்கும் இடம். நடுவில் அம்மன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சித்திரைத் திருவிழாவில் உறுமி மேளம் அடித்தால் வருஷா வருஷம் அதே ஆட்களுக்குத்தான் சாமி வரும். டாக்சி ஓட்டுகிற ஒருத்தருக்கு, வீடியோ எடுக்க ஆள் வந்து சேரும் வரைக்கும் சாமியும் பொறுமையாகக் காத்திருக்கும். இதையெல்லாம் நான் குமுதாவிடம் சொல்வேன். அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு எங்கள் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். நேசம்மா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். என் மகள் வாணியை அவர் மகன் செந்தூரன் கட்டியிருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, என் வீட்டு நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்து, "நீங்கள் எஸ்டேட்டிலையோ இருந்தனீங்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் பரம்பரையையே கூட்டிப் பெருக்கி வாசலில் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை தடவை வந்தும் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கைப்பையில் ஒரு ஃப்ளாஸ்க் வைத்திருப்பார். அவருக்கு வேண்டிய சுடுதண்ணீர் அவரோடு வரும், அவரோடு போகும். குமுதா போட்டு வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடக்கும். எனக்கு அந்த ஃப்ளாஸ்க்கைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் கைப்பையை வைத்துக்கொண்டு, மிருகக்காட்சிசாலைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்துவந்த பாவத்துக்காகச் செந்தூரனும் வாணியும் பக்கத்தில் நின்றார்கள். சம்பந்தி வந்திருக்கும்போது காரில் சாய்ந்து நிற்பது மரியாதை இல்லை என்று குமுதா என்னை உள்ளே இழுத்துவந்து நிறுத்தியிருந்தாள். வெயில், கற்பூரப் புகை, காதோரம் உறுமி. காலையிலிருந்தே இடது தோளில் ஒரு பாரம் இருந்தது. குமுதாவிடம் சொன்னால் விபூதி பூசுவாள் என்று சொல்லவில்லை.

திடீரென்று நெஞ்சில் லோரி ஏறியது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூச்சை இழுத்தால் உள்ளே போகவில்லை. உடம்பெல்லாம் வேர்த்தது. கால் மடங்கி, அம்மன் சந்நிதிக்கு நேராக மண்டியிட்டு விழுந்தேன். வாயைத் திறந்தேன்; உறுமல் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

"அண்ணனுக்கு சாமி வந்துருச்சு!" என்று கத்தினார் கோயில் தலைவர் பாலன்.

அவ்வளவுதான். மேளம் இரண்டு மடங்கு ஆனது. இத்தனை வருஷமாகக் காரில் சாய்ந்து நின்று கிண்டல் பண்ணியவனை ஆத்தா பிடித்து உலுக்கிவிட்டாள் என்று அவர்களுக்கு ஒரே குஷி. ஒருத்தர் என் சட்டையைக் கழற்றினார். ஒருத்தர் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினார். ஒருத்தர் என் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். மூச்சுக்குத் தவிக்கிறவன் வாயில் எலுமிச்சம்பழம்! ஒரு பெண்மணி என் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, எம் மவன் தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரில வேல கேட்டுருக்கான். கெடைக்குமா சொல்லு தாயி" என்றார். வலி பொறுக்காமல் தலையை ஆட்டினேன். அவர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். அந்தத் தடிப்பயலுக்கு அடுத்த வாரமே வேலையும் கிடைத்துத் தொலைத்தது.

நான் குமுதாவைத் தேடினேன். எனக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கன்னத்தில் தண்ணீர் வழிய, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சாகப்போகிறேன், இவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். வலியை விட அதுதான் பயமாக இருந்தது.

அப்போது மேளம் நின்றது. தானாக நிற்கவில்லை. நேசம்மா எழுந்து வந்து உறுமியின் தோல் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"விசரே உங்களுக்கு?" என்றார். குரல் உயரவே இல்லை. "உந்த மனுசனுக்குச் சாமி வருமே? சாமிக்கு வேற ஆளே கிடைக்கேல்லையோ? செந்தூரன், காரைக் கொண்டு வா. கெதியா."

"ஆன்டி, சாமி காரியம் லா. தடுக்காதீங்க. ஆத்தா கோவிச்சுக்குவா" என்றார் பாலன்.

"கோவிச்சா என்னோடை கோவிக்கட்டும். தள்ளுங்கோ."

என் வாயிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவரே விரலை விட்டு எடுத்து எறிந்தார். செந்தூரன் என்னைத் தூக்கிக் காரில் போட்டான். மருத்துவமனை வாசலைத் தொட்டபோது என் நெஞ்சு நின்றேவிட்டதாம். மின்சாரம் வைத்து அடித்துத் திருப்பினார்கள். அடைப்பை எடுத்து, ரத்தக்குழாய்க்குள் கம்பிவலை வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் வாணியிடம் சொன்னார். சுருக்கமாகச் சொன்னால், மேருவில் என்னை மதித்த அத்தனை பேரும் என்னைச் சாகவிட்டுக் கும்பிட்டார்கள். மதிக்காத ஒருத்தர் காப்பாற்றினார்.

கண் விழித்தபோது குமுதா கட்டில் ஓரத்தில் இருந்தாள். என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "நான் கும்பிட்டுக்கிட்டு நின்னேங்க" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு, என்னைக் கேட்காமல் தனக்குத்தானே கேட்பது போல, "ஆத்தாதான வந்தா? அவ வந்துட்டுப் போன வேகத்தத் தாங்காமத்தான இப்படி ஆச்சு?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். வந்தது அம்மன் என்றால் அவள் கும்பிட்டது சரி. வந்தது மாரடைப்பு என்றால், புருஷன் சாகிறபோது அவள் கைகூப்பி நின்றவள். அந்த இரண்டாவதை அவளால் சுமக்க முடியாது. ஆமாம் என்று தலையாட்டினேன். வாழ்நாளில் நான் வாய்மூடி இருந்தது அதுதான் முதல் தடவை. அதற்கும் தண்டனை கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் படையெடுப்பு தொடங்கியது. கிள்ளானிலிருந்தும் சுபாங் ஜெயாவிலிருந்தும் ஆள் வந்தார்கள். மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து, என் நெஞ்சைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தார்கள். பூண்டைப் பாலில் போடு என்றார் ஒருவர். பாலே விஷம் என்றார் இன்னொருவர். இருவரும் என் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேச்சுக்கு ஒருவர் தலையாட்டினார்கள். போகிறபோது என் காலைத் தொட்டார்கள்! நேற்று வரை என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனவர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அது நன்றாகத்தான் இருந்தது. எவனும் மதிக்காமல் அறுபது தாண்டியவனுக்குத் திடீரென்று காலில் விழ ஆள் கிடைத்தால் கசக்குமா? உள்ளுக்குள் இவர்களை முட்டாள்கள் என்று திட்டிக்கொண்டே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அவர்கள் போன பிறகு பயம் வந்து உட்காரும். படுத்தால் நின்றுவிடுமோ, நடந்தால் நின்றுவிடுமோ என்று பயம். கழிப்பறைக்குப் போவதற்குக்கூடக் குமுதாவைக் கூப்பிட்டேன். தினம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வாசற்படியை இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

நேசம்மா பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறி, கிள்ளானில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து வந்தார். கையில் குடை, தோளில் கைப்பை, பைக்குள் அந்த ஃப்ளாஸ்க்.

"மிஸ்டர் பக்கிரிசாமி, எழும்புங்கோ. நடக்க வேணும்."

"நாளைக்கிப் பாப்போம் சம்பந்தியம்மா. இன்னிக்கி ஒரு மாதிரியா இருக்கு."

"உங்களுக்கு எண்டைக்குத்தான் ஒரு மாதிரி இல்லை? எழும்புங்கோ."

குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வருகிறேனா விழுந்தேனா என்று கவலையே இல்லாத நடை. அந்த முதுகைப் பார்த்த ஆத்திரத்திலேயே முச்சந்தி வரைக்கும் நடந்துவிட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். நான் மூச்சு வாங்கி நின்றால், "பயமோ?" என்பார். ஆமாம் என்று சொல்ல ரோஷம் இடம் கொடுக்காது. நடப்பேன். திரும்பி வந்ததும், "குளிசை போட்டனீங்களோ?" என்று மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். ஃப்ளாஸ்க்கிலிருந்து தன் தண்ணீரைத் தான் குடித்துவிட்டுப் போய்விடுவார். குமுதாவின் காப்பி அப்போதும் ஆடை கட்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு தேறியது. ஆடியும் பிறந்தது.

பாலன் வீட்டுக்கு வந்தார். ஆடி வெள்ளிக்குப் பால்குடம், கூழ் வார்ப்பு. இந்த வருஷம் ஆத்தா என் மேல் இறங்கி அருள்வாக்குச் சொல்வாள் என்று நோட்டீஸே அடித்துவிட்டார். அம்மனிடம் கேட்டாரா என்று தெரியாது, என்னிடம் கேட்கவில்லை.

"ஒரு வாரம் வெரதம் அண்ணே. அந்த மருந்து மாத்திரையெல்லாம் வேணாம். ஆத்தா எறங்கற ஒடம்புல ஆஸ்பத்திரி மருந்து எதுக்கு?"

"டாக்டர் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு, பாலன்."

"டாக்டரா அண்ணே அன்னிக்கி ஒங்கள எழுப்புனாரு?"

டாக்டர்தான் எழுப்பினார். சொல்லத் திரும்பினேன். குமுதா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இப்போது என்ன சொல்லப் போகிறேன் என்பதில் அவள் உயிரே தொங்கிக்கொண்டிருந்தது. சரி என்றேன். மாத்திரைப் பெட்டி அலமாரிக்குள் போயிற்று. அந்த வாரம் பார்த்து நேசம்மாவும் வரவில்லை. போனில் கேட்டதற்கு வேலை இருக்கிறது என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை.

ஆடி வெள்ளியன்று கோயில் கொள்ளாத கூட்டம். பாலன் எனக்கு மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் வேப்பிலை மாலை போட்டு, சந்நிதிக்கு நேராக நிறுத்தினார். காப்பு கட்டி வெட்டக் கொண்டுவந்த ஆடு மாதிரி நின்றேன். உறுமி தொடங்கியது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பாதிப் பேர் கையில் செல்பேசி. வேலை கிடைத்த தடிப்பயலின் தாய் முதல் வரிசையில், அடுத்த கோரிக்கையோடு. குமுதா கண்ணை மூடிக் கையைக் கூப்பிவிட்டாள்.

ஒன்றும் வரவில்லை. மேளம் வேகம் எடுத்தது. உடம்பு வேர்க்கத் தொடங்கியது. நெஞ்சு படபடத்தது. பயத்தால் படபடக்கிறதா, அந்த லோரி மறுபடியும் வருகிறதா என்று தெரியவில்லை. இந்த முறையும் விழுந்தால் இவர்கள் மறுபடியும் எலுமிச்சம்பழத்தைத்தான் எடுப்பார்கள். நான் கூட்டத்துக்குள் ஒரே ஒரு முகத்தைத் தேடினேன். என்னை நம்பாத முகம் ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது எனக்கு.

நாற்காலிகளில் இல்லை. பால்குட வரிசையில் இருந்தார்.

மஞ்சள் சேலை, வெறுங்கால், தலையில் குடம். ஒரு கை குடத்தைப் பிடித்திருக்க, தோளில் அந்தக் கைப்பை வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. தார் ரோட்டுச் சூட்டில் நடந்து வந்ததில் பாதம் சிவந்திருந்தது. முகம் மட்டும் மாறவில்லை. என் கழுத்திலிருந்த வேப்பிலை மாலையை மேலும் கீழும் பார்த்த பார்வையில் அதே ஏளனம்.

"குளிசை போட்டனீங்களோ?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"மேளத்த நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

"ஆத்தா பேசறா! ஆத்தா பேசறா!" என்று பாலன் கையைத் தூக்கினார்.

"ஆத்தா இல்ல லா! பக்கிரிசாமி பேசறேன். எனக்குச் சாமி வரல. அன்னிக்கும் வரல. நெஞ்சு வலி வந்துச்சு. நீங்க அத்தன பேரும் கும்பிட்டீங்க. இந்தம்மா ஒருத்தங்கதான் என்னை மதிக்கல. அதனாலதான் உயிரோட நிக்கிறேன்."

மேளம் நின்றது. யாரோ "அபச்சாரம்" என்றார்கள். பாலனின் முகம் கண்கொள்ளாக் காட்சியாக இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. குமுதா கண்ணைத் திறந்துவிட்டாள். கூப்பிய கை மெல்லப் பிரிந்து இரண்டு பக்கமும் தொங்கியது. எதிலிருந்து அவளைக் காப்பாற்ற இத்தனை நாள் நடித்தேனோ, அது அவள் முகத்தில் வந்து இறங்குவதைப் பார்த்தேன்.

"அப்ப நான்..." என்றாள். "நான் கும்பிட்டுக்கிட்டே நின்னேனா?"

நான் அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

நேசம்மா வரிசையை விட்டு வந்தார். குடத்தைப் பூசாரியிடம் கொடுத்தார். கைப்பையைத் திறந்து, என் பெட்டியில் இருக்கிற அதே மாத்திரையில் ஒரு பட்டையையும் ஃப்ளாஸ்க்கையும் எடுத்து என் கையில் திணித்தார். "முதல்லை இதைப் போடுங்கோ. டொக்டரிட்டை பிறகு பேச்சு வாங்கலாம்." அந்தத் தண்ணீரை அன்றைக்குத்தான் முதல் தடவை குடித்தேன். வெறும் சுடுதண்ணீர். வேறு ருசி ஒன்றும் இல்லை.

பிறகு குமுதாவிடம் திரும்பினார்.

"எங்கட அவர் சாமியறையிலை இருந்துதான் போனவர்" என்றார். "விடிய எழும்பிக் குளிச்சு, தேவாரம் பாடிக்கொண்டு இருந்தவர். சத்தம் நிண்டது. கண்ணை மூடிக் கும்பிடுறார் எண்டு நினைச்சன். குழப்பக் கூடாது எண்டு, கோப்பி ஆறுமட்டும் வாசல்லை காத்திருந்தனான். பிறகும் காத்திருந்தனான்." நழுவிய கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நீங்கள் மட்டும் இல்லை."

குமுதா அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நேசம்மாவுக்கு அணைக்கத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஆபீஸ் கோப்பில் தூசி தட்டுவது போல அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பால்குடம் எதுக்குச் சம்பந்தியம்மா?" என்று கேட்டேன். "ஒங்களுக்குத்தான் இந்தக் கோயிலே ஆகாதே."

"காருக்குள்ளை என்ரை மடியிலைதான் உங்கட தலை கிடந்தது. மூச்சு நிண்டு போச்சு எண்டு நினைச்சன். எங்கட கோயில் பிரிக்பீல்ட்ஸிலை கிடக்குது. நீங்கள் விழுந்தது இந்த அம்மாளுக்கு முன்னாலை. அவவைத்தானே கேக்க வேணும்? நேர்த்தி வைச்சனான். உங்களிலை எனக்கு ஒரு விருப்பமும் இல்லை, மிஸ்டர் பக்கிரிசாமி. வாணிக்குத் தகப்பன் வேணும்."

இதைக் கேட்டு அழுகிற ஆள் நானில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வேப்பிலை மாலையைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பின்னால் பாலன் யாரிடமோ, ஆத்தாதான் இந்த அம்மாவின் உருவத்தில் அன்றைக்கு வந்தாள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு பேர் நேசம்மாவின் காலைக் குறிவைத்து நகர்ந்து வந்தார்கள். அவர் பார்த்த பார்வையில் வந்த வழியே போனார்கள்.

குமுதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அண்டாவிலிருந்து கூழை மொண்டு, ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஊற்றி நேசம்மாவிடம் நீட்டினாள். பழக்க தோஷம். நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்து கையைப் பின்னுக்கு இழுத்தாள். நேசம்மா அந்தக் குவளையை அவள் கையிலிருந்து பிடுங்கி, அங்கேயே நின்று, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"உப்புக் கூடிப் போச்சு" என்றார். "உந்த மனுசனுக்குக் குடுக்காதேங்கோ."